பால் பற்களுக்கும் பல் மருத்துவரிடம் போக வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. எப்படியும் விழப்போகிற பற்கள்தானே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பற்களைச் சுத்தம் செய்வது அவசியமா?

பதில் 1: பரிசோதனை அவசியம்தான். பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்து நிலைப்பற்களுக்கு இடம் காத்துத் தருவதால், அவை சொத்தையாகி முன்கூட்டியே போய்விட்டால் அடுத்து வரும் பற்கள் கோணலாக முளைக்கக்கூடும். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்; ஈறோரம் சுண்ணாம்பு நிறத்தில் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். குழி விழாத அந்த நிலையில் ஃபுளோரைடு பூச்சு உதவும்.

பதில் 2: என் கருத்தில், மருத்துவமனையைவிட இரவுத் துலக்கலே முக்கியம். பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும். நுரையைத் துப்பியபின் கொப்பளிக்க விடாதீர்கள்.

பதில் 3: 6 வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே பின்கோடியில் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலைப்பல் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, அதன் பள்ளங்களை அடைக்கும் சீலண்ட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.