ஹியர் கம்ஸ் த பெயின்: புதிய தொலைக்காட்சியில் ரிவேர்ஸ் ஏன் கைகூடுவதில்லை?

உவர்மலைவாசி எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் பிளேஸ்டேஷன் 2 ஒன்று இருக்கிறது. பாடசாலைக் காலத்தில் அப்பா வாங்கித் தந்த அதே பெட்டிதான். அதில் நானும் அண்ணாவும் பல விளையாட்டுகளைப் போட்டுப் பார்த்திருந்தாலும், நாள் தவறாமல் விளையாடியது 2003 இல் வெளியான 'டபிள்யூடபிள்யூஈ ஸ்மாக்டவுன்! ஹியர் கம்ஸ் த பெயின்' என்ற மல்யுத்த விளையாட்டை மட்டுமே. அண்ணா அண்டர்டேக்கரை விட்டு வேறொருவரை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. நான் எப்போதும் ரே மிஸ்டீரியோ. மின்வெட்டு வந்து ஆட்டம் பாதியில் அணைந்துபோனால், யார் வெல்ல இருந்தார் என்ற வாக்குவாதம் இரவுச் சாப்பாடு வரை நீளும்.

அண்ணா கனடாவுக்குப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. சித்திரை விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வருகிறார். பயணச்சீட்டு எடுத்துவிட்டதாகச் சொன்ன கையோடு அவர் கேட்ட முதற்கேள்வி, "அந்தப் பிளேஸ்டேஷன் இன்னும் ஓடுதோ?" என்பதுதான்.

ஓடுகிறது. ஆனால் நான் பழையபடி விளையாட முடியவில்லை. இந்த விளையாட்டில் எதிராளியின் அடியைத் திருப்புவதற்கு (அதாவது ரிவேர்ஸ் எடுப்பதற்கு) எல்2, பிடியைத் திருப்புவதற்கு ஆர்2 என இரண்டு பொத்தான்கள் தனித்தனியாக இருப்பதை அறிவீர்கள். அந்தக் காலத்தில் அண்ணா ஓங்கும் கையைப் பார்த்த கணத்திலேயே என் விரல் எல்2 இல் இருக்கும். இப்போது மண்டபத்தில் உள்ள 43 அங்குலத் தட்டைத் தொலைக்காட்சியில் போட்டால், நான் அழுத்தும்போது ரே மிஸ்டீரியோ ஏற்கெனவே தரையில் கிடக்கிறார். கொன்ட்ரோலர் தேய்ந்துவிட்டதோ என்று எண்ணி வேறொன்று வாங்கிப் பார்த்தேன், அதிலும் அப்படியே. எனக்கு 36 வயதாகிறது. கை மந்தமாகிவிட்டதா, இல்லை பெட்டியிலோ தொலைக்காட்சியிலோ கோளாறா? அண்ணா வரும்போது அவருக்கு ஒரு நல்ல ஆட்டம் கொடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நிலாவெளி வீதியார் எழுதியது:

தம்பி, வயதைக் குறை சொல்வதற்கு முன் தொலைக்காட்சியைச் சோதித்துப் பாருங்கள். பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சி திருத்தும் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு ஏறத்தாழ நிச்சயம், கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முன்பு நீங்கள் விளையாடிய பெட்டித் தொலைக்காட்சி, படத்தைக் கொண்டுவரும் மஞ்சள் கம்பி வழியாக வரும் சமிக்ஞையை வந்த கணமே கோடு கோடாகத் திரையில் வரைந்துவிடும். அதற்குள் படத்தைச் சேமித்து வைக்கும் இடமே கிடையாது. தட்டைத் தொலைக்காட்சி அப்படி இயங்குவதில்லை. பிளேஸ்டேஷன் 2 ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளுமாக மாறி மாறி அனுப்பும் படத்தை அது முதலில் வாங்கி வைத்து, இரண்டையும் கோர்த்து, தன் பெரிய திரைக்கேற்ப விரித்து, நிறத்தையும் கூர்மையையும் திருத்தி, அதன் பிறகே காட்டுகிறது. படம் பார்ப்பவருக்கு இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. கையில் கொன்ட்ரோலர் வைத்திருப்பவருக்குத்தான் அது வினையாகிறது. என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. உங்கள் தொலைக்காட்சி 100 மில்லி நொடி தாமதிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அண்டர்டேக்கர் கை ஓங்கியதை நீங்கள் காண்பதற்குள் விளையாட்டு ஆறு படங்கள் முன்னே போயிருக்கும். ரிவேர்ஸ் எடுப்பதற்கான அவகாசமோ கண் இமைக்கும் நேரந்தான்.

இதை வீட்டிலேயே உறுதிப்படுத்தலாம். ஒலிக்கான சிவப்பு, வெள்ளைக் கம்பிகளைத் தொலைக்காட்சியில் செருகாமல் தனியான ஒலிபெருக்கி ஒன்றில் செருகி, மஞ்சள் கம்பியை மட்டும் தொலைக்காட்சிக்குக் கொடுங்கள். பின்னர் விளையாட்டின் பட்டியலில் மேலும் கீழுமாக நகர்த்துங்கள். ஒலி நேராக வருவதால் பொத்தானை அழுத்திய உடனே கேட்கும். திரையில் தெரிவு நகர்வது அதற்குப் பின்னால் வந்தால், அந்த இடைவெளிதான் உங்கள் எதிரி. ஒலியையும் தொலைக்காட்சி வழியாகவே கேட்டால் இது புலப்படாது. பல தொலைக்காட்சிகள் படத்துக்கு ஒத்துவர வேண்டுமென்று ஒலியையும் சேர்த்துத் தாமதிக்கச் செய்கின்றன.

தீர்வென்று பார்த்தால், முதலில் தொலைக்காட்சியின் அமைப்புகளில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று தேடி அதைப் போடுங்கள். கூர்மை கூட்டுவது, அசைவை மென்மையாக்குவது போன்ற அலங்காரங்கள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். மஞ்சள் கம்பியை எச்டிஎம்ஐயாக மாற்றும் சிறிய பெட்டி எதையாவது இடையில் வைத்திருந்தால், அதுவும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கக்கூடும். ஆனாலும் மெய்யான பரிகாரம் பழைய பெட்டித் தொலைக்காட்சி ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான். நம் ஊரில் எத்தனையோ வீடுகளின் பின்னறையில் அது துணி போர்த்திக் கிடக்கிறது. கேட்டால் சும்மாவே தருவார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதன் பின்மூடியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர் எழுதியது:

மேலே சொன்னது முற்றிலும் சரி. பெட்டித் தொலைக்காட்சிக்கு மாறும்போது இன்னொரு குழப்பம் வரக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். இலங்கையின் ஒளிபரப்பு முறை பால் (PAL), என்டிஎஸ்சி அன்று. உங்கள் விளையாட்டுத் தட்டு (டிஸ்க்) என்டிஎஸ்சி முறையில் பதிந்ததாக இருந்தால், மிகப் பழைய தொலைக்காட்சிகளில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அது பழுதன்று. அந்தத் தொலைக்காட்சிக்கு என்டிஎஸ்சி நிறத்தைப் பிரித்தறியத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரு முறைகளையும் ஏற்கும் தொலைக்காட்சியாகப் பார்த்து எடுங்கள். தட்டு எந்த முறையைச் சேர்ந்தது என்பது வேகத்துக்கும் முக்கியம். பால் முறையில் நொடிக்கு 50 முறைதான் திரை புதுப்பிக்கப்படுகிறது. அதற்கென்று சீர்செய்யப்படாத விளையாட்டுகள் அதில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடும். சிறு வயதில் ஒரு முறையில் பழகிய கை, மற்ற முறையில் தடுமாறுவது இயல்பே.

மெமரி கார்ட்டையும் இப்போதே பாருங்கள். 8 எம்பி அளவுள்ள அந்தச் சிறிய அட்டையில்தான் நீங்கள் திறந்த பழைய வீரர்களும், உருவாக்கிய வீரர்களும் இருக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் அதன் உலோகப் பற்கள் களிம்பேறிவிடுகின்றன. மென்மையான அழிறப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டு, வேறொரு கார்ட்டுக்கு எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டதால், மூன்று ஆண்டுகள் நானும் மச்சானும் சேர்த்து வைத்த அத்தனையும் ஒரே இரவில் போய்விட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மூதூர் ரசிகன் எழுதியது:

தொலைக்காட்சியை மாற்றிய பிறகும் அண்ணாவை வெல்ல வேண்டும் அல்லவா? அதற்கு ரிவேர்ஸ் மட்டும் போதாது என்பது என் கருத்து.

ஸ்மாக்டவுன் வரிசையில் இந்த விளையாட்டு தனித்து நிற்பதற்குக் காரணமே, இதை உருவாக்கிய யூக்ஸ் நிறுவனத்தார் இதில் உடலுக்குக் கொடுத்த கணக்குத்தான். தலை, உடல், கைகள், கால்கள் எனத் திரையில் ஒரு சிறிய மனித உருவம் இருக்கிறது. எந்த உறுப்பு அடிபடுகிறதோ அதன் நிறம் படிப்படியாக மாறிச் சிவப்பை நோக்கிப் போகும். நம்மில் பெரும்பாலோர் சிறுவர்களாக இருந்தபோது அதைப் பார்க்கவே இல்லை. கிடைத்த இடத்தில் அடித்தோம், இறுதி அடிக்கான எல்1 கிடைத்தால் முடித்தோம். இப்போது நிதானமாக விளையாடிப் பாருங்கள். ஆட்டத்தின் முதற்பாதி முழுவதும் அண்டர்டேக்கரின் கால்களையே தேடித் தேடித் தாக்கிவிட்டு, பின்னர் காலைப் பற்றும் சப்மிஷன் பிடி (எதிராளியைச் சரணடையச் செய்யும் பிடி) போட்டால், அண்ணா எவ்வளவு வேகமாகப் பொத்தான்களைத் தட்டினாலும் விடுபடுவது கடினமாகும்.

வட்டப் பொத்தானுடன் திசையைச் சேர்க்கும்போது, பலத்தால் போடும் பிடி, விரைவுப் பிடி, சப்மிஷன் பிடி, அந்த வீரருக்கே உரிய பிடி என நான்கு வகை கிடைப்பதை நினைவிருக்கலாம். ரே மிஸ்டீரியோவை எடுப்பவர் பலப்பிடியை நாடக் கூடாது. எடை வேறுபாட்டை இந்த விளையாட்டு மதிக்கிறது. பிக் ஷோவைப் போன்ற மாமல்லரை அவரால் தூக்கவே முடியாது. விரைவுப் பிடியும், கயிற்றுக்கு மேலிருந்து பாயும் அடிகளும், இறுதியில் அவருக்கே உரிய 619 என்ற அடியும் தான் அவருடைய வழி. கைப்பழக்கத்துக்கு, தினமும் கணினி எதிராளியுடன் ஓர் ஆட்டம் போட்டு, நீங்களாக ஓர் அடியும் அடிக்காமல், எல்2 ஐயும் ஆர்2 ஐயும் மட்டும் கொண்டு பத்து நிமிடம் தாக்குப்பிடித்து நில்லுங்கள். ஓங்கும் கை அடியா பிடியா என்று கண் தானாகப் பிரித்தறியும் வரை இதைச் செய்ய வேண்டும். எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

மனையாவெளி நண்பர் எழுதியது:

நான் நின்டெண்டோ 64 இல் 'நோ மேர்சி' விளையாடி வளர்ந்தவன். வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பிய பெட்டி அது. 2000 இல் வெளிவந்த அந்த விளையாட்டை இன்றும் இந்த வகையின் உச்சமாகக் கருதுகிறேன். பொத்தானைச் சற்றே தட்டினால் இலேசான பிடி, அழுத்தி வைத்திருந்தால் வலிய பிடி என்ற அந்த ஒரே விதியிலிருந்து ஆட்டம் முழுவதும் விரிவதை இன்றும் வியந்து பார்க்கிறேன். அது ஸ்மாக்டவுனை விட நிதானமாக நகரும் விளையாட்டு. அப்படியிருந்தும், தட்டைத் திரையில் அதன் ரிவேர்ஸும் எனக்குத் தவறிக்கொண்டே இருந்தது. பெட்டித் தொலைக்காட்சிக்குத் திரும்பிய அன்றே சரியாகிவிட்டது. ஆகவே உங்கள் கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உவர்மலைவாசி மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒலிபெருக்கியைத் தனியாகப் பூட்டிச் சோதித்தேன். ஒலி முந்தி, படம் பிந்தி என்பது காதுக்கும் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்தது. கேம் மோட் போட்டதும் இடைவெளி குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. எனவே கன்னியாவில் பெரியம்மா வீட்டில் கிடந்த 21 அங்குலப் பெட்டித் தொலைக்காட்சியை முச்சக்கரவண்டியில் ஏற்றிவந்தேன். கிண்ணியா நண்பர் எச்சரித்தபடியே படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. அதைப் பொருட்படுத்தாமல் ஓர் ஆட்டம் போட்டேன். அண்டர்டேக்கர் ஓங்கிய முதல் அடியையே எல்2 திருப்பியது. அந்தக் கணத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

மெமரி கார்ட் படிக்கிறது. அண்ணா பதினாறு வயதில் தன் முகச்சாயலில் உருவாக்கிய, நீளமான மஞ்சள் மேலங்கி அணிந்த வீரர் அப்படியே இருக்கிறார். நேற்றே அதைப் பிரதி எடுத்துவிட்டேன். இரு முறைகளையும் ஏற்கும் தொலைக்காட்சி ஒன்று தன்னிடம் இருப்பதாக நிலாவெளி அண்ணா தனிமடலில் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை போய் எடுத்துவரப் போகிறேன்.