ஏறினால் நகராத மட்டக்குதிரை: எங்கள் அனுபவம்

சேணம் போடும்வரை துறுதுறுவென்று இருக்கும். ஆள் ஏறியதும் நாலு எட்டு வைத்து நின்றுவிடும். அக்கா மகள் ஓட்டிப் பழகட்டும் என்று ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கி, கானாடுகாத்தான் பக்கம் எங்கள் தோப்பில் கட்டியிருக்கும் குட்டி. தங்கமான குணம், கடிக்காது, உதைக்காது. பார்த்தவர்கள் எல்லாம் "சோம்பேறி, சாட்டையை எடுங்க" என்றார்கள். நான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். யார் கேட்டாலும் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

விற்றவர் நாலு வயசு தாண்டிவிட்டது என்றிருந்தார். மருத்துவர் உதட்டை விலக்கிக் காட்டினார். முன்பல்லில் நடு ஜோடி பெரிதாக இருந்தது. அதற்கு அடுத்த ஜோடி அப்போதுதான் ஈறைக் கீறிக்கொண்டு வந்திருந்தது. நடு ஜோடி இரண்டரை வயது வாக்கிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரத்து ஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஆக, இதற்கு மூன்றரைதான். முதுகெலும்பு முழுசாக முற்றுவதற்கு ஐந்தரை, ஆறு வயது ஆகும். பல் மாறும் சமயத்தில் கடிவாளமும் வாயில் உறுத்தும். போதாக்குறைக்கு, இரவல் வாங்கிய சேணம் தோள்பட்டையில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு எட்டுக்கும் அழுத்திக்கொண்டிருந்தது. அதை மாற்றினோம், குடல் புழுவுக்கு மருந்து கொடுத்தோம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 200 கிலோ குதிரைக்கு 40 கிலோ. இளசுக்கு இன்னும் குறைவாக இருப்பது நல்லது. அதனால் பெரியவர்கள் யாரையும் ஏறவிடுவதில்லை.

வலி தீர்ந்தும் மந்தம் முழுசாகப் போகவில்லை. காரைக்குடியில் முன்பு ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவரை வரச்சொன்னோம். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பாப்பா, காலால போங்குற, கையால நில்லுங்குற. அது எதத்தான் கேக்கும்?" என்றார். விஷயம் அங்கேதான் இருந்தது. குதிகாலால் ஓயாமல் தட்டிக்கொண்டே, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள் அக்கா மகள். ரோட்டோர வீட்டுக்காரர்களுக்கு பஸ் சத்தம் பழகிப்போவதுபோல் அதற்கு அந்தத் தட்டு பழகிவிட்டது.

பெரியவர் அவளை இறக்கிவிட்டு, நீளக் கயிற்றில் தரையிலிருந்தே பழக்கினார். நாக்கைத் தட்டி "போ" என்பார். ஒரு மூச்சு பொறுப்பார். நகராவிட்டால் கயிற்று நுனியைப் பின்பக்கம் லேசாகச் சுழற்றுவார். அது முதல் எட்டு வைத்த நொடியே கை கீழே இறங்கிவிடும். அந்த இறக்கம்தான் அதற்குக் கிடைக்கும் கூலி என்றார். சொல் பிடிபட்டதும் அவளை ஏற்றிப் பழக்கினார். "போ" என்று கெண்டைக்காலால் மெதுவாக ஒரு அழுத்து. கேட்காவிட்டால் அழுத்தமாக ஒன்று. அதற்கும் நகராவிட்டால் காலுக்குப் பின்னால் மெல்லிய குச்சியால் ஒரு தட்டு. நகர்ந்துவிட்டால் காலைத் தளர்த்திவிட வேண்டும். திடுக்கென்று ஓட்டமெடுத்தாலும் உடனே வாரை இழுக்கக்கூடாது. முன்னே போனதற்கு வாயில் அடி விழுந்தால் அடுத்த தடவை ஏன் போகப்போகிறது?

முதலில் மாறியது காதுதான். இரண்டு பக்கமும் தொங்கிக் கிடந்தது, "போ" என்றதும் ஒரு காது பின்னால் திரும்பும். அப்புறம் கழுத்து நீளும், நடை அகலும்.

தோப்புக்குள் வட்டம் சுற்றுவதை நிறுத்தினோம். சின்ன வட்டம் இளங்கால்களுக்குச் சிரமம், சலிப்பும்கூட. வெயில் ஏறுமுன் கண்மாய்க்கரைச் செம்மண் பாதையில் பக்கத்துத் தோப்புக்காரர் பெண்குதிரையை முன்னால் விட்டுக் கூட்டிப்போனோம். தானாகப் பின்னாலேயே வந்தது. இப்போது அதை முந்தப் பார்க்கிறது. ஐயனார் கோயில் மண் குதிரைகளைக் கண்டால் மட்டும் நின்று மூச்சை இழுத்துவிடும். அது சோம்பல் இல்லை, மிரட்சி. பார்த்து முடிக்கட்டும் என்று விட்டுவிடுவோம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், இன்னும் போகலாம் என்று அது இருக்கும்போதே இறங்கிவிடுவோம்.

மந்தம் போகக் கொள்ளுத் தீனியைக் கூட்டிப் போடுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புல்லும் தட்டையும் வயிறு நிறையக் கிடைத்தால் இந்த அளவு வேலைக்குப் போதும்.

குட்டி வளர வளரச் சேணத்துக்குள் அடைத்திருக்கும் திணிப்பைச் சரிசெய்ய வேண்டும். தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் அந்த வேலை தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.