பாட்டு வரியைக் குறைத்தால்தான் ராப் ஓடுமா?

ஒற்றை மைக்:
நான்கு வருடமாகத் தனியாக ராப் செய்கிறேன். லேபிள் இல்லை, மேனேஜர் இல்லை. பின்னணி இசையான பீட்டை மட்டும் லீஸுக்கு வாங்குவேன். எழுத்து, ரெக்கார்டிங், அட்டைப்படம் எல்லாம் நானே. பணம், பந்தா, கெட்ட வார்த்தை எதுவும் என் பாட்டில் வராது. மனசு விட்டுப்போய்ப் படுத்திருப்பவன் கேட்டால் எழுந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போன வாரம் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் கேட்டுவிட்டு, "வரி ரொம்ப ஜாஸ்தி. பாதியை வெட்டு, திரும்பத் திரும்ப வரும் ஹூக்கைப் பெரிதாக்கு" என்றார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. பாதியை வெட்டினால் அப்புறம் அது என் பாட்டா?

அடிதாளம்:
அவர் சொன்னதில் தப்பில்லை. ஹிப்ஹாப் பிறந்ததே ஆட்டத்தில்தான். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய பார்ட்டியில் ஜனங்கள் காத்துக்கிடந்தது டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்த பிரேக்குக்கு. மைக் பிடித்தவர்கள் கூட்டத்தை உசுப்பேற்ற வந்தவர்கள். பீட்தான் வீட்டுக்காரர், வரி குடிவந்தவர்.

வரிப்பித்தன்:
குடிவந்தவர் வீட்டையே வாங்கி நாற்பது வருடம் ஆகிறது நண்பரே. 1982இல் 'தி மெசேஜ்' என்ற ராப் பாட்டு வந்தபோது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவுக்கே அதில் இஷ்டமில்லை. ஆட வருகிறவன் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்கவா வருகிறான் என்ற தயக்கம். கடைசியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002ஆம் ஆண்டுக்கு, காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று முதன்முதலாக 50ஐப் பொறுக்கி எடுத்தபோது, ஹிப்ஹாப்பிலிருந்து உள்ளே போனது அது ஒன்றுதான். அப்புறம் ராக்கிம் என்ற ராப்பர் வந்தார். வரி முடிவில் மட்டும் இருந்த இயைபை வரிக்குள்ளேயும் பின்னிக் காட்டினார். எதுகை மோனையில் ஊறிய நமக்கு இதைப் போய் விளக்க வேண்டுமா?

அடிதாளம்:
நல்ல உதாரணம், எனக்குச் சாதகமாக. 'தி மெசேஜ்' பாட்டில் யாராவது "கவலைப்படாதே, எழு" என்கிறார்களா? உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான் என்று கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது, என் சண்டை வரியோடு இல்லை, உபதேசத்தோடு. ஒற்றை மைக், இரண்டு வரி இங்கே போடுங்கள், பார்ப்போம்.

சும்மா வந்தவன்:
முன்வரிசையில் துண்டு போட்டாச்சு.

ஒற்றை மைக்:
சரி. புதுப் பாட்டின் ஹூக் இது:

*விழுந்தால் எழு, வானமே உன் எல்லை*
*முயன்றால் போதும், தோல்வியே இல்லை*

அடிதாளம்:
எல்லைக்கு இல்லை! தாத்தா காலத்திலேயே தேய்ந்துபோன ஜோடி. அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் "தோல்வியே இல்லை" என்பது பொய். முயன்று தோற்றவன்தானே ராத்திரியில் உங்கள் பாட்டைத் தேடி வருகிறான்? அவனிடம் போய் நீ தோற்கவே இல்லை என்கிறீர்கள். இரண்டாவது வரியிலேயே அவன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவான்.

வரிப்பித்தன்:
வரி பழசு, ஒத்துக்கொள்கிறேன். நம்பிக்கைப் பாட்டே வேலைக்காகாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2017இல் லாஜிக் என்ற ராப்பர் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். அது அதிகம் பேசப்பட்ட 34 நாட்களை ஆராய்ந்து 2021இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அந்த எண்ணுக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் அதிகம்; எதிர்பார்த்ததைவிடத் தற்கொலைகள் 245 குறைவு. பாட்டுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் அந்த எண்ணிக்கையைச் சும்மா தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

அடிதாளம்:
எனக்கும் வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று போன் செய்கிறவன் குரலில். வாழ ஆசையாக இருக்கிறது என்பது கடைசி ஹூக்கில்தான் வருகிறது. நடந்துதான் அங்கே போகிறார்கள்.

வரிப்பித்தன்:
அப்படி நடக்க வரி வேண்டாமா? பாதியை வெட்டினால் பாதி வழியில் நிற்பான். நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

அடிதாளம்:
வாசல் வரைக்கும்தான் வந்திருக்கிறேன்.

ஃபேடர்:
நான் மிக்ஸிங் ஆள், தத்துவம் வராது, கணக்கு வரும். 90 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில், 16 பார் என்றால் (பாருக்கு நாலு தட்டு) ஏறக்குறைய 43 விநாடி. இந்த மாதிரிப் பாட்டுகளில் ஆரம்பத்தில் 8 பாருக்குச் சோகப் பியானோ வைப்பார்கள். 21 விநாடி போச்சு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. அதற்குள் உங்கள் குரலுக்கு மிச்சம் 9 விநாடி. 2024இலிருந்து, 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு அங்கே ராயல்டியும் கிடையாது. அதனால் வரியில் கை வைக்கும் முன் பியானோவை வெட்டுங்கள்.

இன்னொன்று மூச்சு. வரி ராப்பர்கள் அனுப்பும் டிராக்கில் பாருக்குப் பார் இடைவெளியே இருக்காது. பஞ்ச்-இன் போட்டுத் துண்டு துண்டாகப் பாடி ஒட்டியிருப்பார்கள். பாடுகிறவருக்கு அது சரி, கேட்கிறவனுக்கு மூச்சு முட்டும். பீட்டை ஒரே ஃபைலாக வாங்காமல் ஸ்டெம்ஸோடு, அதாவது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ஃபைலாக, வாங்குங்கள். குரலும் பியானோவும் முட்டுகிற இடத்தில் பியானோவை மட்டும் இறக்கிவிடலாம்.

ஒற்றை மைக்:
8 பார் பியானோவா? என்னிடம் 12 பார் இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

இதே பாட்டில் ஒரு வெர்ஸ் (சரணம்) எழுதி வெட்டியிருந்தேன். ரொம்பச் சொந்தக் கதையாக இருக்கிறது, யாருக்கு உற்சாகம் தரும் என்று தோன்றியது. இப்படித் தொடங்கும்:

*மூடின கதவை எண்ணி வெச்சேன், பதினாறு*
*ஆடுது கை, ஆனா தட்டுறேன், அது வேறு*

அடிதாளம்:
இதை வெட்டிவிட்டு அந்த எல்லை–இல்லையையா வைத்திருந்தீர்கள்?!

வரிப்பித்தன்:
மூடின, ஆடுது. இரண்டாம் எழுத்து டி, டு; வருக்க எதுகை தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. முடிவில் இயைபும் பழசாகத் தெரியவில்லை.

அடிதாளம்:
ஒரே ஒரு திருத்தம். "ஆனா" வேண்டாம். "ஆடுது கை. தட்டுறேன்." ஃபேடர் கேட்ட மூச்சு அங்கேயே கிடைத்துவிடும்.

வரிப்பித்தன்:
கை வைக்காதீர்கள்! அந்த "ஆனா"வில்தான் அவன் எழுந்து உட்காருகிறான்.

ஃபேடர்:
இரண்டு விதமாகவும் பாடி அனுப்புங்கள். பியானோ இல்லாமல்.

சும்மா வந்தவன்:
துண்டு அங்கேயே இருக்கட்டும், டேக் வந்ததும் சொல்லுங்கள்.