கோ ஆட்டத்தின் ‘கொமி’க்குத் தமிழில் என்ன சொல்?

அன்புடையீர்,

கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து இருவர் ஆடும் கோ ஆட்டத்தின் பலகைச் செயலியைத் தமிழாக்கும் பணியில் ‘கொமி’ என்ற சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. கறுப்பு முதல் காயை வைப்பதால் அதற்கு ஒரு முந்துரிமை கிடைக்கிறது. அதைச் சரிக்கட்ட, ஆட்டம் முடிந்து எண்ணும்போது வெள்ளையின் கணக்கில் சில புள்ளிகளைச் சேர்க்கிறோம், அவைதான் கொமி. ஜப்பானிலும் கொரியாவிலும் 6.5, சீனாவில் 7.5. ஆட்டம் சமனில் முடியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அரை.

செயலியில் இது மூன்று இடங்களில் வருகிறது: புதிய ஆட்டத்துக்கான அமைப்பு, ஆட்டத்தின்போது மேலே ஓடும் பட்டை, முடிவு அறிக்கை. பட்டையில் இடம் மிகக் குறைவு. இதுவரை வந்த முன்மொழிவுகள்: சலுகைப்புள்ளி, இழப்பீடு, ஈட்டுப்புள்ளி. கொமி என்றே விடலாம் என்பாரும் உண்டு.

மறுமொழி

> சலுகைப்புள்ளி

இது வேண்டாம். வலு குறைந்தவருக்குத் தொடக்கத்திலேயே பலகையில் இரண்டு முதல் ஒன்பது காய் வரை வைக்கக் கொடுப்பதுதான் கோ ஆட்டத்தில் சலுகை. அதற்கு ‘முன்காய்’ என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். கொமியோ சம வலுவுள்ள இருவருக்கிடையே உள்ளது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. முன்காய் ஆட்டத்தில் கொமி 0 அல்லது 0.5 ஆகிவிடும். இரண்டுக்கும் ‘சலுகை’ என்று பெயர் வைத்தால், ஒரே பெட்டியில் ‘சலுகை 2, சலுகைப்புள்ளி 0.5’ என்று வந்து நிற்கும். புதியவர் கட்டாயம் குழம்புவார்.

இரண்டின் அளவும் வேறு. தொடக்கத்தில் ஒரு நகர்வின் முழு மதிப்பு ஏறத்தாழ 14 புள்ளி. முதலில் வைப்பதால் கிடைப்பது அதில் பாதி, 7. ஆகவே கொமி இல்லாமல் இரண்டு முன்காய் கொடுப்பது 14 + 7, அதாவது சுமார் 21 புள்ளிக்குச் சமம். ‘இரண்டு காய் என்றால் இரண்டு கொமி’ என்று கணக்குப் போடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

> இழப்பீடு

வெள்ளை எதையும் இழந்துவிடவில்லை, ஆட்டமே இனிமேல்தான். தவிர, இச்சொல்லைப் படித்ததும் விபத்தும் வழக்கும்தான் நினைவுக்கு வரும்.

கொரிய மொழியில் கொமிக்குப் பெயர் ‘தொம்’. கடையில் நிறுவைக்கு மேல் போடும் கொசுறுக்கும் அங்கே அதே சொல்தான். நம் ‘கொசுறு’ அப்படியே பொருந்துகிறதே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் தமிழில் கொசுறு என்பது கேட்டு வாங்குவது, மனமிருந்தால் கொடுப்பது. விதி வகுத்துத் தந்த உரிமைக்கு அது சரிவராது. என் வாக்கு ஈட்டுப்புள்ளிக்கு.

மறுமொழி

ஈட்டுப்புள்ளியில் எனக்கு இரண்டு தடைகள் உண்டு, ஐயா.

ஒன்று, ‘ஈட்டு’ என்பதைச் சம்பாதி என்றும் படிக்கலாம். முடிவு அறிக்கையில் ‘ஈட்டுப்புள்ளி 6.5’ என்று கண்டால், வெள்ளை ஆடி ஈட்டிய புள்ளி என்றே பலர் கொள்வர்.

இரண்டாவது இன்னும் பெரியது. சீன விதிப்படி எண்ணுவது புள்ளியை அல்ல. ஒருவரின் காய்களையும் அவை வளைத்த சந்திகளையும் (கோடுகள் வெட்டும் இடங்கள்) சேர்த்து எண்ணி, 19×19 பலகையின் மொத்தம் 361 சந்தியில் பாதியான 180.5உடன் ஒப்பிடுவார்கள். அங்கே கொமி 3¾ காய். கறுப்பு வெல்ல 184¼ஐத் தாண்ட வேண்டும், அதாவது 185 தேவை. வெள்ளைக்கு 177 போதும். ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையுமாதலால் வேறுபாடு இரட்டிப்பாகி 7.5 ஆகிறது. சொல்லுக்குள்ளேயே ‘புள்ளி’யைப் புதைத்துவிட்டால் ‘ஈட்டுப்புள்ளி 3¾ காய்’ என்று எழுத நேரும்.

இது வெறும் சொல் அழகுப் பிரச்சினை அல்ல. சீனத் தளங்களிலிருந்து வரும் எஸ்ஜிஎஃப் ஆட்டக் கோப்புகள் சிலவற்றில் கொமியைக் குறிக்கும் கேஎம் புலத்தில் 375 என்று இருக்கும், 3.75 காயை நூறால் பெருக்கி எழுதியது அது. செயலி அதை 375 புள்ளியாகப் படித்தால் எல்லா ஆட்டத்திலும் வெள்ளைதான் வெல்லும். அலகைச் சொல்லுக்கு வெளியே வைத்தால், எண்ணோடு அலகையும் காட்டும் கட்டாயம் வரும். இப்படிப்பட்ட பிழை உடனே கண்ணில் படும்.

ஆகவே ‘ஈடு’ மட்டும் போதும். ‘ஈடு: 6.5 புள்ளி’, ‘ஈடு: 3¾ காய்’.

மறுமொழி

> ‘ஈடு’ மட்டும் போதும்

அடகுப் பொருளுக்கும் ஈடு என்பார்களே? பலகைக்கு மேலே அந்தப் பொருள் யாருக்கும் தோன்றாது என்று நினைக்கிறேன்; ஆனால் உதவிப் பக்கத்தில் முதல் முறை ‘முதல்நகர்வு ஈடு’ என்று விரித்தே எழுத வேண்டும்.

கிளைச்சொற்கள் எளிதாகப் பிறப்பது இதன் பெரிய பலம். வெள்ளையிடமிருந்து கறுப்புக்குப் போகும் கொமி ‘எதிரீடு’. எத்தனை புள்ளி என்பதை ஒருவர் சொல்ல, நிறத்தை மற்றவர் தேர்ந்தெடுக்கும் முறை ‘ஈடு பகர்தல்’. இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் சமனில் முடியச் செய்யும் அளவு ‘நேரீடு’. 5×5 பலகை முழுதாகத் தீர்க்கப்பட்டுவிட்டது; நடுவில் தொடங்கும் கறுப்பு பலகை முழுவதையும் எடுத்துக்கொள்வதால் அங்கே நேரீடு 25. 19×19க்கு நிறுவல் இல்லை. கோ ஆடும் செயற்கை நுண்ணறிவு நிரலான காட்டாகோவின் மதிப்பீடு சீன விதியில் 7, ஜப்பானிய விதியில் 6. நியூசிலாந்து விதி முழு எண்ணான 7ஐயே வைத்துச் சமனை ஏற்றுக்கொள்கிறது.

இன்னொன்றையும் உதவிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். 361 ஒற்றைப்படை. எல்லாச் சந்தியும் யாராவது ஒருவருக்குப் போனால், பரப்புக் கணக்கில் (காயையும் வளைத்த சந்தியையும் சேர்த்து எண்ணும் சீன முறை) வேறுபாடும் ஒற்றைப்படையே: 5, 7, 9. எனவே அங்கே ஈட்டை 5.5இலிருந்து 6.5 ஆக்கினால் அநேகமாக எந்த முடிவும் மாறாது. யாருக்கும் சேராத பொதுச் சந்தி எஞ்சும் அபூர்வ நிலைகள் மட்டுமே விலக்கு. 6.5ஐ 7.5 ஆக்கினால் ஏழில் முடியும் அத்தனை ஆட்டமும் கைமாறும். சீனா 5.5இலிருந்து 7.5க்குத் தாவியதும், எண்ணும் முறையில் இந்த ஒற்றைப்படைக் கட்டுப்பாடு இல்லாத ஜப்பான் 2002இல் ஒரே ஒரு புள்ளி கூட்டி 6.5இல் நின்றதும் இதை வைத்துப் பார்த்தால் விளங்கும். பயனர் விதியை மாற்றும்போது ஈடும் தானாக மாற வேண்டும். பழைய எண் அப்படியே நின்றால் ஆட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

குறிப்புப் பெட்டிக்கு என் வரைவு: ‘ஈடு: கறுப்பு முதலில் ஆடுவதால், எண்ணும்போது வெள்ளைக்குச் சேர்ப்பது. அளவு விதியைப் பொறுத்தது.’ மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் இதையே கோப்பில் ஏற்றிவிடலாம்.