சிவப்பைக் கேட்டால் நீலம் என்கிறது ஓப்பன்சிவி, என்ன தப்பு?

கேள்வி:
பைத்தானில் ஓப்பன்சிவி (படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பு) வைத்து ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து, அதில் எத்தனை பிக்சல் சிவப்பு என்று எண்ணப் பார்க்கிறேன். படம் 800 அகலம், 600 உயரம், வெள்ளைப் பின்னணியில் நாலைந்து சிவப்பு வட்டங்கள், அவ்வளவுதான். பளிச்சென்று சிவப்பாகத் தெரியும் இடத்தைப் படித்தால் 0, 0, 254 என்று வருகிறது. அது நீலம் இல்லையா? அதுவும் 255 கூட இல்லை! அப்புறம் எக்ஸ் 700, ஒய் 100 என்று கொடுத்தால் இன்டெக்ஸ் எல்லை தாண்டிவிட்டது என்று எரர். 800 அகலத்தில் 700 எப்படித் தாண்டும்? இரண்டு நாளாக இதோடு முட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1:
படம் சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் படிக்கும் வரிசைதான் தலைகீழ். ஓப்பன்சிவி நிறத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தரும், ஆகவே உங்கள் 254 சிவப்பேதான். எரருக்கும் அதே கதை. படம் நம்பை அர்ரேயாக, அதாவது எண்களின் அட்டவணையாக வருவதால் முதலில் கிடைவரிசையின் எண், அதாவது ஒய், பிறகுதான் எக்ஸ். ஷேப்பை, அதாவது அதன் அளவை அச்சிட்டுப் பாருங்கள், 600, 800, 3 (உயரம், அகலம், நிற எண்கள்) என்று வரும். நீங்கள் 600 வரிசை உள்ள படத்தில் 700வது வரிசையைக் கேட்டிருக்கிறீர்கள்.

பதில் 2:
254க்குக் காரணம் ஜேபெக். அது நிறத்தை ஒளி ஒரு பக்கம், வண்ணம் ஒரு பக்கம் என்று பிரித்து, 8க்கு 8 கட்டங்களாகச் சுருக்கி வைக்கிறது. திரும்ப விரிக்கும்போது எண்கள் கொஞ்சம் நகரும், வட்டத்தின் விளிம்பில் நன்றாகவே நகரும். அதனால் சமமா என்று பார்க்கவே கூடாது, எல்லை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். எச்எஸ்வி-க்கு (ஹியூ எனும் நிறவகை, சாச்சுரேஷன் எனும் நிற அடர்த்தி, வெளிச்சம் என்று பிரிக்கும் முறை) மாற்றி இன்ரேஞ்ச் (எல்லைக்குள் வரும் பிக்சலைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை) போடுங்கள். இப்போது இதையே பிஎன்ஜியாக மாற்றிச் சேமிப்பதில் பயன் இல்லை, போன நிறம் திரும்பாது.

இன்னொன்று, 4,80,000 பிக்சலையும் ஃபார் லூப்பில் சுற்றாதீர்கள். இன்ரேஞ்ச் தரும் மாஸ்க்கை (தேர்வான பிக்சல் மட்டும் வெள்ளையாக உள்ள படம்) கவுண்ட்நான்சீரோவிடம் (பூஜ்ஜியம் அல்லாத பிக்சலை எண்ணும் கட்டளை) கொடுத்தால் வேலை முடிந்தது.

கேட்டவர்:
நன்றி, எரர் போய்விட்டது. எச்எஸ்வி-க்குப் போகும் முன் நானே நிற எண்களின் வித்தியாசம் எடுத்துப் பார்த்தேன், 10லிருந்து 250ஐக் கழித்தால் 16 வருகிறது!

பதில் 1:
ஒவ்வொரு எண்ணும் 8 பிட், 0 முதல் 255 வரைதான். -240 அதில் அடங்காது, 256ஐக் கூட்டிச் சுற்றி வந்து 16 ஆகிவிடும். ஆப்ஸ்டிஃப் (குறி இல்லாத வித்தியாசம் தரும் கட்டளை) பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கழிக்கும் முன்பே இன்ட்16-க்கு (குறை எண்களையும் தாங்கும் 16 பிட் வகை) மாற்றுங்கள்.

பதில் 3:
பில்லோவில் (பைத்தானின் இன்னொரு படத் தொகுப்பு) செய்தால் இந்தத் தலைகீழ் எல்லாம் இல்லை, பிக்சலைப் படிக்கும் கெட்பிக்சலுக்கு எக்ஸ், ஒய் என்றே கொடுக்கலாம், நிறமும் சிவப்பிலிருந்து தொடங்கும். ஆனால் சில பிஎன்ஜி, ஜிஃப் படங்களில் மூன்று எண்ணுக்குப் பதில் ஒரே எண் வந்து நிற்கும். அது நிறம் இல்லை, நிறப்பட்டியலில் அதன் இடம். திறந்ததும் ஆர்ஜிபி-க்கு (சிவப்பு, பச்சை, நீலம்) கன்வர்ட் செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
எச்எஸ்வி-யில் ஹியூவுக்கு 0 முதல் 10 வரை கொடுத்தேன். வட்டம் வந்துவிட்டது, விளிம்பில் மட்டும் அங்கங்கே ஓட்டை.

பதில் 2:
சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும். ஓப்பன்சிவியில் ஹியூ 0 முதல் 179 வரை, சிவப்பு அதன் இரண்டு முனையிலும் இருக்கும். 170 முதல் 179 வரை இன்னொரு மாஸ்க் எடுத்து இரண்டையும் சேருங்கள். சாச்சுரேஷனுக்கும் ஒரு கீழ் எல்லை வையுங்கள், வெள்ளைக்கு ஹியூ 0 என்றுதான் வரும், பின்னணி முழுக்க உள்ளே வந்துவிடும்.

கேட்டவர்:
ஓ, அதனால்தான் எண்ணிக்கை லட்சத்தில் வந்ததா! இப்போது சரியாகிவிட்டது.