மறு: தெருமூடி மடத்துக்குப் பலகை, ஆளுக்கு 50 பவுண்

லண்டன் அண்ணைக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

பருத்தித்துறையில் இருக்கிற எங்கள் பழைய தெருமூடி மடத்தில் பலகை வைக்க ஆளுக்கு 50 பவுண் கேட்டு எழுதினதுக்குப் பதில் இது. காசு தரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் வாசிகசாலைக் கூரைக்குச் சேர்த்த காசின் கணக்கு இன்னும் வரவில்லை. ஒஸ்லோத் தம்பி கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டான், "ஊரில் ஆள் நிற்கிறார், பார்த்துக்கொள்வார்" என்பதுதான் பதில். அந்த ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும், கிளறவில்லை. பற்றுச்சீட்டை ஸ்கான் பண்ணிப் போடுங்கள், காணும்.

அடுத்தது பலகை வாசகம். இலங்கையின் வடக்கு முனை வெளிச்சவீட்டடி என்று எழுதியிருக்கிறது, அது இல்லை, சக்கோட்டை முனைதான். வெளிச்சவீடு 1916இல் கட்டினது, அதை மட்டும் எழுதுங்கள். 1838இல் தொடங்கின பள்ளி என்று ஹாட்லிக் கல்லூரிக்கு நாலு வரி ஒதுக்கிவிட்டு, மெதடிஸ்ட் பெண்கள் பள்ளிக்கு ஒரு சொல்லும் இல்லையென்றால் கனடா அக்காமார் சும்மா விடுவார்களா? 1936இல் பொற்சாசனம் எடுத்த வல்லிபுரத்தையும் காணோம். நன்கொடையாளர் பெயருக்கு மட்டும் அரைப் பலகை!

சின்னமாமி மடத்துக்குப் போய்வந்து சொன்னதுதான் எனக்குக் கவலை. தூண்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம், திண்ணையோடு மோட்டார் சைக்கிள் நிற்கிறதாம். தும்பளை வீதியை அப்படியே உள்ளே விட்டு மேலே கூரை போட்ட மடம் அது. நடுவால் வண்டில் போகும், இரண்டு பக்கத் திண்ணையிலும் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் வந்த சனம் இளைப்பாறும். எங்கள் ஐயா வெயிலுக்குச் சைக்கிளை அங்கேதான் நிறுத்துவார், நான் அந்தக் கல்லின் குளிர்ச்சியில் நித்திரையாகிவிடுவேன். வேறு ஊரில் இப்படி ஒன்றை நான் காணவில்லை. அதற்குப் போய் ரைல்ஸ் பதித்துப் பெயின்ற் அடிப்போம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதுகாக்கப்பட்ட சின்னம் அது, தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது. தன் வீட்டு முற்றத்துக்கு ரைல்ஸ் போடட்டும்.

என் 50 பவுண் மடத்தைக் கூட்டித் துடைக்கிறவரின் கூலிக்கு. மாதாமாதம் அவர் கையில் நேராகப் போகவேண்டும், இடையில் ஆள் வேண்டாம். சம்மதமென்றால் இன்றைக்கே அனுப்புகிறேன்.

அப்புறம், ஆவணியில் ஊருக்குப் போகிறவர் தட்டை வடை கொண்டுவந்தால் குழுவுக்குப் பொதுவாகக் கொண்டுவரவும். போன முறை வந்த பெட்டி முழுக்க மச்சான் வீட்டிலேயே முடிந்தது.