பன்னிரண்டு வயசுப் பிள்ளையை மாஸ்கோ டிவி போட்டிக்கு அனுப்பலாமா?

பாளை பிடில் அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். எம் மக பாளையங்கோட்டையில ஆறு வருசமா மேற்கத்திய வயலின் படிக்கா. லண்டன் டிரினிட்டி காலேஜ் இசைப் பரீட்சையில கிரேடு ஏழு முடிச்சாச்சு. போன வாரம் அவ டீச்சர் கூப்பிட்டு, ‘நட்கிராக்கர்’ போட்டிக்கு வீடியோ அனுப்புவோமான்னு கேட்டாங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். ரஷ்யாவுல ‘குல்தூரா’ன்னு ஒரு டிவி, 2000-லேர்ந்து நடத்துற பிள்ளைகள் போட்டி. பியானோ ஒரு பிரிவு, தந்தி வாத்தியம் ஒரு பிரிவு, ஊதுறதும் தட்டுறதும் சேர்த்து ஒரு பிரிவு. பதினாலு வயசு வரைக்கும் சேரலாம். வீடியோ பாத்து வடிகட்டி மாஸ்கோவுக்கு வரச் சொல்லுவாங்க. கடைசிச் சுத்துல முழு ஆர்கெஸ்ட்ராவை வச்சுக்கிட்டு வாசிக்கணும். எல்லாம் டிவியில வரும். பரிசு, தங்கம் வெள்ளி வெண்கலத்துல நட்கிராக்கர் பொம்மை.

வீட்டுக்காரி வேண்டாங்கா. எனக்கு ரெண்டு மனசு. என்ன சொல்லுதீய?

சீவாளி:
அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. வேண்டாம்.

நான் நாயனக்காரர் வீட்டுப் பேரன். எங்க தாத்தாகிட்ட படிக்க வந்தா மொதல்ல மூணு வருசம் ஒத்து ஊதணும். வெறும் சுருதி மட்டும், வேற ஒண்ணும் கிடையாது. பொறவு சாமி பொறப்பாட்டுல ரெண்டாவது நாயனம். பெரிய நாயனக்காரர் காருகுறிச்சி அருணாசலமே அவரு குரு ராஜரத்தினம் பிள்ளை பக்கத்துல நின்னு ஊதித்தான் காருகுறிச்சி அருணாசலம் ஆனாரு. மார்க் போட எவனும் பேனாவோட உக்காந்திருக்கல.

டிவியில உம்ம பிள்ளைக்குக் கெடைக்கப் போறது எட்டோ பத்தோ நிமிசம். அதுக்கு ஒரு வருசம் ஒரே உருப்படியைப் போட்டு அரைக்கணும். 2019-ல நம்ம சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்க டிவியில ஜெயிச்சு பத்து லட்சம் டாலர் வாங்கினான். பெருமைதான், நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். ஆனா சனங்க எதுக்கு எந்திரிச்சு நின்னு கைதட்டுனாவ? பியானோவுல ‘பம்பிள் பீ’ங்கிற உருப்படியை நிமிசத்துக்கு 325 தாளத் தட்டு வேகத்துல வாசிச்சதுக்கு. அந்தப் பையனுக்கு அதைவிட எவ்வளவோ தெரியும். டிவிக்கு அது வேண்டாம், வேகம் போதும்.

மேலரதவீதி மதினி:
சீவாளி தம்பி, மோருக்கும் மோர்க்குழம்புக்கும் வித்தியாசம் இருக்கு. நீங்க சொல்றது எல்லா வித்தைக்காரங்களும் வர்ற நிகழ்ச்சி. பாட்டு ஒருத்தர், சாகசம் ஒருத்தர். இவர் கேக்கறது சாஸ்திரிய இசைக்கு மட்டுமான போட்டி.

அந்த வகைக்கு ஒரு வரலாறே இருக்கு. பிபிசி ‘யங் மியூசிஷியன்’ 1978-ல ஆரம்பிச்சது. அதைப் பாத்து ஐரோப்பா முழுசுக்கும் ‘யூரோவிஷன் யங் மியூசிஷியன்ஸ்’ 1982-ல மான்செஸ்டர்ல தொடங்கிச்சு. அதுல ஜெயிக்கறவங்களைத் தீர்மானிக்கிறது இசைக்காரங்க இருக்கிற நடுவர் குழு. போன்ல ஓட்டுப் போடுற கதையெல்லாம் அங்க இல்ல. 1988-ல ஜெயிச்ச ஜூலியன் ராக்லின், 1996-ல ஜெயிச்ச யூலியா ஃபிஷர், ரெண்டு பேரும் இன்னைக்கு உலகம் முழுக்க வாசிக்கற பெரிய வயலின் கலைஞர்கள். சர்க்கஸ்ல இருந்தா வந்தாங்க?

தோத்தாலும் மோசமில்ல. 2016 பிபிசி இறுதிச் சுத்துல மூணே பேர். செல்லோ வாசிச்ச ஷெக்கு கானே-மேசன் ஜெயிச்சார், பதினேழு வயசு. சாக்ஸபோன் வாசிச்ச ஜெஸ் கில்லம் தோத்துப்போச்சு. ரெண்டே வருசத்துல அதே பொண்ணு லண்டன் ‘ப்ராம்ஸ்’ இசை விழாவோட கடைசி ராத்திரியில மேடையேறி வாசிச்சுது.

தாமிரவருணித் தண்ணி:
மதினி சொல்றது பெரிய இடத்துக் கதை. நான் என் வீட்டுக் கதை சொல்றேன். மக பத்து வயசுல ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குப் போனா. சேனல் பேர் வேண்டாம். வெளியேத்தின அன்னிக்கு அவ அழவே இல்ல. அமைதியா நின்னா. உடனே ஒருத்தர் வந்து, “பாப்பா, இங்க பாரு, அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு உன்னைக் கூட்டிட்டு வந்தாங்க”ன்னு ஆரம்பிச்சார். கேமரா முகத்துக்கு ரெண்டடியில. அழுத பிறகுதான் விட்டாங்க. அந்த அழுகையைத்தான் ஒரு வாரமா விளம்பரமாப் போட்டாங்க.

இப்பவும் பாடுவா, குளிக்கும்போது மட்டும். கதவு தெறந்திருந்தா பாட மாட்டா.

எட்டயபுரம் பஸ்:
தண்ணி அக்கா, மனசு கனத்துப் போச்சு. அவ பாடுறதை வெளிய நின்னு கேட்டுக்கிடுங்க, கேட்டதா மட்டும் காட்டிக்கிடாதீங்க.

சீவாளிக்கு ஒரு வார்த்தை. ‘நம்ம முறை, அவங்க முறை’ன்னு கோடு கிழிக்க நம்ம பக்கத்துக்காரங்களுக்கு உரிமை குறைச்சல். கர்நாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் யாருகிட்ட படிச்சாரு? சென்னைப் பக்கம் மணலியில இருந்தப்ப ஒரு ஐரோப்பியர்கிட்ட. பிறகு ஆஸ்தான வித்வானா வந்து உக்காந்தது எங்க எட்டயபுரம் அரண்மனையில. அவரைப் பாக்க வந்த அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல இங்கதான் சமாதியானாரு.

அதே வீட்டு சுப்பராம தீட்சிதர்தான் அத்தனை கீர்த்தனையையும் குறிப்போட எழுதி 1904-ல எட்டயபுரத்துலேயே புஸ்தகமா அச்சுக்குக் கொண்டுவந்தாரு. அவரை அதுக்கு இழுத்தது சின்னசாமி முதலியார்ங்கிற கிறிஸ்தவர். நம்ம கீர்த்தனைகளை மேல்நாட்டு ஐந்துகோட்டுக் குறியில எழுதிப்புடணும்னு ஒத்தக்கால்ல நின்ன மனுசன். காகிதத்தைப் பாத்து பிடில் வாசிக்கிற பிள்ளை பாளையில இருக்குன்னா அது இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல.

சீவாளி:
பிடில் அந்நியம்னு நான் எங்கவே சொன்னேன்? நல்லாப் படிக்கட்டும். நான் சொல்லுதது போட்டியைப் பத்தி. பாலுசுவாமி தீட்சிதர் எந்த நடுவர் முன்னாடி நின்னாரு?

சாமி கெளம்பும்போது மல்லாரின்னு பொறப்பாட்டு உருப்படி ஊதுதோம். கேக்கிறவன் பாதிப்பேர் சப்பரத்தைப் பாப்பான், மீதிப்பேர் செருப்பைத் தேடுவான். அப்பவும் ஊதணும். யாரும் கவனிக்காதப்ப ஒழுங்கா ஊதப் படிச்சவனுக்கு, பொறவு யாரு கவனிச்சாலும் கை நடுங்காது. இந்தப் பிள்ளைக மொத நாள்லேர்ந்தே யாரோ பாக்காவன்னு நெனச்சு வளருது.

ஒத்து ஊதினவன்:
தம்பி சீவாளி, நீ பேரன். நான் ஒத்து ஊதினவன். கொஞ்சம் நான் பேசுதேன்.

அஞ்சாங் கிளாஸோட பள்ளிக்கூடத்தை நிறுத்துனாவ. வாத்தியார் நல்லவருதான், ஆனா கை நீட்டி அடிப்பாவ. ராத்திரி பூரா ஊர்வலம். கல்லுல நின்னு நின்னு குதிகால் வெடிச்சு ரத்தம் வரும். சம்பளம்னு ஒண்ணு கெடையாது, பந்தியில கடைசி எலை. நாலு வருசம் சுருதி மட்டும் ஊதினேன். அஞ்சாவது வருசம் வாத்தியார் தவறிட்டாவ. அவ்வளவுதான். எனக்கு இன்னைக்கும் ஒரு ராகம் முழுசா வராது. இப்ப லாரி ஆபீசுல கணக்கு எழுதுதேன்.

உங்க தாத்தா காலம் பொன்னு மாதிரின்னு நீ சொல்லுத. அருணாசலம் ஒருத்தர் வந்தாரு. வராமப் போன எங்களை யாரு எண்ணினா? நடுவர் முன்னாடி எட்டு நிமிசம் நின்னு, தோத்தா வீட்டுக்குப் போன்னு சொல்லுதது எனக்குக் கொடுமையாத் தெரியல. கெட்டிக்காரி போய்ட்டு வரட்டும்.

சும்மா எட்டிப் பாக்கேன்:
அதெல்லாம் சரி, போர் நடக்குற நாட்டுக்குப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையை எப்படிய்யா கூட்டிட்டுப் போவீய? டிக்கெட் செலவு யாரு தருவா? பேசாம மதினி சொன்ன யூரோவிஷனுக்கு அனுப்புங்க.

மேலரதவீதி மதினி:
அது முடியாது தம்பி. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்துல உறுப்பா இருக்கற தொலைக்காட்சிகள்தான் ஆள் அனுப்பும். நமக்கு வாசல் இல்ல. போர் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம், எங்கிட்ட பதில் இல்ல.

பாளை பிடில் அப்பா:
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். தண்ணி அக்கா எழுதினதை வீட்டுக்காரியும் படிச்சா. “இதுக்குத்தான் சொன்னேன்”னா. ஒத்து அண்ணாச்சி எழுதினதைப் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு அடுப்படிக்குப் போய்ட்டா.

இதுக்கு நடுவுல நேத்து வீடியோ எடுத்துப் பாத்தோம். அனுப்புறதோ இல்லையோ, எடுத்து வைப்போம்னு டீச்சர் சொன்னாங்க. வெட்டு ஒட்டு இல்லாம ஒரே ஓட்டமா எடுக்கணுமாம். வாசிக்கிறது ரஷ்ய இசையமைப்பாளர் கபலேவ்ஸ்கியோட வயலின் கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ரா கூட ஒத்த வயலின் வாசிக்கிற உருப்படி), 1948-ல சோவியத் இளைஞர்களுக்குன்னு அவர் எழுதினது. ஊசிக்கோபுரம் சர்ச்சுக்குப் பக்கத்துல தெரிஞ்சவங்க ஹால். பேன் ஓடினா மைக்குல இரைச்சல், அதனால பேனை நிறுத்தியாச்சு. சித்திரை வெயில். மூணாவது நிமிசத்துல பிள்ளைக்கு விரல் வேர்த்து தந்தியில வழுக்குது. பாவாடையில துடைச்சுத் துடைச்சு வாசிக்கா. ஆர்கெஸ்ட்ரா பங்கை டீச்சர் கீபோர்டுல வாசிக்காங்க. 61 கட்டைதான், கீழ் சுரம் வேணும்னா கட்டை இல்ல, அவங்க ஒரு ஸ்தாயி ஏத்தி வாசிக்காங்க. நாலாவது தடவை எல்லாம் சரியா வந்துச்சு. கடைசிப் பக்கத்துல வெளிய ஒரு மயில் கத்திச்சு பாருங்க! பிள்ளை வில்லை இறக்கிட்டுச் சிரிச்சுட்டா.

வீட்டுக்கு வரும்போது பைக்குல பின்னாடி உக்காந்து கேக்கா: “அப்பா, நெசமாவே ஆர்கெஸ்ட்ரா கூட வாசிச்சா, கீழ் சுரம் எல்லாம் கேக்குமால்லா?”

அவ இதுவரைக்கும் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை நேர்ல கேட்டதே கெடையாது. திருநெல்வேலியில எங்க போய்க் கேப்பா? யூடியூப்லதான். ஆறு வருசமா அந்த வாத்தியத்துல பாதியைத்தான் அவ கேட்டிருக்கான்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. பொம்மை வரட்டும், வராமப் போகட்டும். அறுபது எழுபது பேர் அவளுக்குப் பின்னாடி உக்காந்து அந்த மொத சுரத்தை எடுக்கிறதை அவ ஒரு தடவை முதுகுல உணரணும்னு தோணுது. மாஸ்கோவுக்கு இந்த வருசம் போக முடியுமான்னு தெரியல. வீடியோ மட்டும் முடிச்சு வச்சுருதோம்.

தாமிரவருணித் தண்ணி:
அனுப்புறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு. தோத்துட்டு வெளிய வரும்போது கேமராவுக்கு முன்னாடி நீங்க நிக்கணும்.

பாளை பிடில் அப்பா:
நிக்கேன் அக்கா.

சீவாளி:
ஒத்து அண்ணாச்சி, எந்த ஊர் செட்டுல ஊதுனீயன்னு தனியா சொல்லுங்க. எங்க தாத்தா செட்டா இருந்தா நான் வந்து பாக்கணும்.

பிடில் அண்ணாச்சி, போட்டி வேண்டாம்னுதான் இப்பவும் சொல்லுதேன். ஆனா அந்தக் கீழ் சுரம் கேக்கணும்னு பிள்ளை கேட்டது நியாயம். சுருதி இல்லாம ஊதுற கஷ்டம் எங்களுக்குத் தெரியும். வீடியோவை ஆடி வரைக்கும் தள்ளிப் போட முடியுமா? எங்க சித்தப்பா கல்யாண மண்டபம் சேரன்மகாதேவி ரோட்டுல இருக்கு. ஆடியில முகூர்த்தம் கெடையாது, சும்மாத்தான் கெடக்கும். மேல்காத்து வந்துரும், பேன் தேவைப்படாது. 88 கட்டை கீபோர்டு ஒண்ணு மேளக் கச்சேரிப் பையன் ஒருத்தன்கிட்ட இருக்கு, வாங்கியாரேன்.

மயிலுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல. அங்கன ஏழெட்டு நிக்கும்.